ஊர் திரும்பும் முன்: லிஸ்பன் கரையில் கடைசி ஐந்து நாட்கள்

லிஸ்பனில் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கியவரின் கடைசி நாட்கள் வழக்கமாக இரண்டு விதத்தில் வீணாகின்றன. பார்க்காமல் விட்ட இடங்களின் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது ஒன்று. பெட்டி கட்டுவதிலும் கடை கடையாக ஏறி இறங்குவதிலும் நாளைத் தொலைப்பது இன்னொன்று. வந்த புதிதில் புது இடங்கள் தேவை. கிளம்பும் நேரத்தில் பழகிய இடங்களே அதிகம் தரும், அதுவும் இதுவரை போகாத வேளையில் போனால். காலையில் மட்டும் பார்த்த துறையை அந்தியிலும், நீர் ஏறியிருந்தபோது பார்த்த படிகளை நீர் வற்றியபோதும் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. அதற்கு வேண்டியது ஓய்ந்த மனம். அது கிடைக்க, கிளம்பும் வேலைகள் முதலில் முடிந்திருக்க வேண்டும்.

காலம் குறைவு என்று தெரிவதே ஓர் அனுகூலம். உளவியலாளர் ஜெய்மி கர்ட்ஸ் 2008ல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு முடியச் சில வாரங்களே இருந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினரைக் கொஞ்ச நாள்தான் மிச்சம் என்றும், மற்றொரு பிரிவினரை இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்றும் நினைக்க வைத்தார். இரு பிரிவினருக்கும் மிஞ்சியிருந்தது ஒரே கால அளவுதான். கொஞ்ச நாள் என்று நினைத்தவர்களே கல்லூரி வாழ்க்கையில் கூடுதலாகக் கலந்துகொண்டார்கள், கூடுதல் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். ஆகவே கிளம்பும் தேதியை மறக்க முயல வேண்டியதில்லை. சுவரில் எழுதி வைத்தாலும் நல்லதுதான்.

முதல் நாள்: கணக்கு முடித்தல்

ஐந்து நாட்களில் முதல் நாளை முழுவதுமாக அலுவல்களுக்கு ஒதுக்கிவிட வேண்டும். வாடகை வீடானால் உரிமையாளரை அன்றே வரவழைத்து வீட்டைக் காட்டிவிடுவது நல்லது. சாவி வாங்கும் நாளில் வந்து சுவர்க் கறையைக் காட்டி முன்பணத்தில் பிடித்தம் செய்தால், விமானத்துக்கு ஓடும் நேரத்தில் வாதாட முடியாது. மின்சார, தண்ணீர் மீட்டர்களின் எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் தன் பெயரில் இருந்தால் ஒப்பந்தத்தை முடிக்கும் தேதியையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

குறுகிய கால விசாவில் வந்தவர்கள் நாள் கணக்கை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் தங்கல் 90 நாளைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. விசாவில் இன்னும் குறைவான நாட்கள் எழுதியிருந்தால் அதுவே எல்லை. வந்திறங்கிய நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 அக்டோபரில் தொடங்கிய மின்னணு வரவு–வெளியேற்றப் பதிவு முறை, கைரேகையும் முகப்படமும் எடுத்து இந்தக் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. லிஸ்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாகப் போகிறவருக்கு இந்த வெளியேற்றப் பதிவு லிஸ்பனிலேயே முடியும். பிராங்பர்ட், பாரிஸ் வழியாகப் போகிறவருக்கு அது அந்த நிலையத்தில் நடக்கும். அங்கே விமானம் மாற இடையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பயணச்சீட்டில் பார்த்துவைப்பது அவசியம்.

போர்ச்சுகலில் பெரும்பாலான பொருள்களின் விலையில் 23 சதவீத வரி அடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். அதற்கான படிவத்தை வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அதைப் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். வதிவிட அனுமதி பெற்றுப் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் பொதுவாக இந்தச் சலுகை இல்லை.

கடைசி வேலை பெட்டி. நாலு நாளுக்கு வேண்டிய உடையை மட்டும் வெளியே வைத்து, மற்றதையெல்லாம் அடுக்கி எடை போட்டு மூடி ஒரு மூலையில் வைத்துவிடலாம். கடைசி இரவில் தராசோடு மல்லுக்கட்டும் குடும்பங்களுக்குக் கடல் நினைவு வருவதில்லை.

ஆற்றங்கரையில் ஓதம்

லிஸ்பன் நகரம் இருப்பது கடலோரத்தில் அல்ல, தேஜு ஆற்றின் கழிமுகத்தில். ஆனால் அந்த ஆறு கடலுக்குக் கட்டுப்பட்டது. சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறுகிறது. அதனால் ஒவ்வொரு ஓதமும் மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வித்தியாசம் மூன்று மீட்டரைத் தாண்டும். சென்னைக் கடலில் இது ஒரு மீட்டர் அளவே என்பதால், மெரினாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓதம் பாடப்புத்தகச் செய்தியாகவே இருந்திருக்கும். இங்கே கண்ணெதிரே அது நடக்கிறது.

அதைப் பார்க்கச் சரியான இடம் கொமெர்சியு சதுக்கத்தின் முன்னே இரண்டு கல்தூண்கள் நிற்கும் படித்துறை. நீர் ஏறியிருக்கும்போது தூண்களின் காலடியில் அலை தட்டும். வற்றியதும் பாசி படிந்த பச்சைப் படிகளும் அவற்றுக்குக் கீழே சேறும் கல்லும் கலந்த ஒரு துண்டு மணலும் வெளிப்படும். அந்தப் பாசியில் கால் வைத்தால் வழுக்கும். இந்தச் சதுக்கத்தை ஊர்க்காரர்கள் இன்னும் ‘தெரைரு து பாசு’, அதாவது அரண்மனை முற்றம் என்றே சொல்கிறார்கள். அரண்மனை 1755 நவம்பர் 1ஆம் தேதி பூகம்பத்தில் அழிந்தது. புனிதர் அனைவர் திருநாளில் கோயில்கள் இடிந்து விழ, திறந்த வெளி என்று நம்பி ஆற்றோரத்துக்கு ஓடிவந்தவர்களைச் சற்று நேரத்தில் கடலிலிருந்து ஏறிவந்த அலை வாரிக்கொண்டது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தச் செய்தியைத் தமிழகக் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓத அட்டவணையைக் கைபேசியில் பார்த்து, ஒரு நாள் ஏற்றத்திலும் ஒரு நாள் வற்றத்திலும் அரை மணி நேரமாவது அந்தப் படிகளில் உட்கார வேண்டும். பிறகு அருகிலுள்ள கைஷ் து சொத்ரே துறையிலிருந்து எதிர்க்கரை கசில்யாஷுக்குப் படகு ஏறலாம். பத்து நிமிடப் பயணம். சுற்றுலாப் படகுகள் இதே காட்சிக்குப் பல மடங்கு வாங்குகின்றன. இது வேலைக்குப் போகிறவர்களின் படகு என்பதால் ஜன்னல் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும், அவ்வளவுதான் குறை. மேற்கே தெரியும் சிவப்புத் தொங்குபாலம் 1966ல் சர்வாதிகாரி சலாசாரின் பெயரில் திறக்கப்பட்டது. 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பின் அந்தத் தேதியே அதன் பெயராயிற்று. பாலத்தின் சில தடங்கள் இரும்புக் கம்பி வலையால் ஆனவை. அவற்றின் மேல் கார்கள் ஓடும்போது தேனீக்கூட்டின் இரைச்சல் போன்ற ஓர் ஓசை ஆற்றின் மேல் பரவுகிறது. ஊர் திரும்பிய பிறகும் லிஸ்பனை நினைவுக்குக் கொண்டுவருவது படங்களைவிட இந்த ஓசைதான். படகிலிருந்தோ பாலத்தை ஒட்டிய கரையிலிருந்தோ ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்த மாணவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. ஆற்றை முழுதாக எடுத்த ஐம்பது படங்கள் ஏற்கெனவே கைபேசியில் இருக்கும். இனி எடுப்பதானால் பாசிப் படி ஒன்று, துருப்பிடித்த நங்கூர வளையம் ஒன்று என்று எடுப்பது மேல்.

கஷ்கைஷ் ரயில்

உண்மையான கடலுக்கு ரயில் ஏற வேண்டும். கைஷ் து சொத்ரேயிலிருந்து கஷ்கைஷ் செல்லும் பாதையின் முதல் பகுதி 1889ல் திறந்தது. பயணம் ஏறக்குறைய 40 நிமிடம். போகும்போது இடப்பக்க ஜன்னல். ஆறு எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்பதை இந்த ஜன்னலிலிருந்தே கண்டுபிடிக்கலாம்: கழிமுகத்தின் நடுவே நீருக்குள் வட்டமாக நிற்கும் பூஜியு கோட்டையும் அதன் விளக்கும் கண்ணில் பட்டால் அதுதான் வாசல். அதைத் தாண்டியதும் நீரின் நிறம் மாறுகிறது. கர்கவேலுஷில் அலைப்பலகையோடு இறங்கும் இளைஞர்களால் பெட்டி பாதி காலியாகும்.

கடைசி முறை போகிறவர் கஷ்கைஷ் வரை போகாமல் மூன்று கிலோமீட்டர் முன்னதாகவே சாவ் ஜுவாவ் து எஸ்தோரிலில் இறங்கிவிடுவது நல்லது. அங்கிருந்து கஷ்கைஷ் வரை கடலை ஒட்டி நடைபாதை உண்டு. வண்டிகள் வராது. வழியில் சிறு சிறு கடற்கரைகள், பாறைக் குளங்கள், எஸ்தோரிலின் பழைய விடுதிகள். இரண்டாம் உலகப் போரில் போர்ச்சுகல் நடுநிலை வகித்ததால் நாடிழந்த அரச குடும்பங்களும், அமெரிக்கக் கப்பலுக்கு இடம் தேடிய அகதிகளும், இரு தரப்பு ஒற்றர்களும் இந்த விடுதிகளில் அடுத்தடுத்த மேசைகளில் சாப்பிட்டார்கள். நடை ஒரு மணி நேரம்தான். உட்கார்ந்து உட்கார்ந்து போனால் ஒரு சாயங்காலம் முழுவதும் ஆகும், அப்படித்தான் போக வேண்டும்.

தமிழகத்தின் கிழக்குக் கரைக்காரருக்குக் கடல் என்பது சூரியன் எழும் திசை. இங்கே அது சூரியன் இறங்கும் திசை. ஜூன் இறுதியில் அந்தி இரவு ஒன்பதைத் தாண்டியே வரும். டிசம்பரில் ஐந்தேகாலுக்கே இருட்டத் தொடங்கும். அதற்கேற்ப ரயிலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்தியைப் பார்க்க ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்கு முனையான காபோ த ரோகாவுக்குத்தான் போக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். 140 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, கலங்கரை விளக்கு, முனையைத் தொட்டதற்குக் காசு கொடுத்துப் பெறும் சான்றிதழ் எல்லாம் அங்கே உண்டு. முன்பே போயிருந்தால் மறுமுறை போகும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்திக்குப் பின் பேருந்து கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அதைவிடக் கஷ்கைஷ் கரையில் வலை காய்கிற மீன்பிடித்துறைச் சுவரில் உட்காரலாம்.

கடலில் இறங்க நினைப்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலிலும் நீர் 20 டிகிரியைத் தாண்டுவது அரிது. கோடையில் வடக்கிலிருந்து கரையோரமாக வீசும் ‘நொர்த்தாதா’ காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. முதலில் கணுக்கால் வலிக்கும், பிறகு பழகும். பச்சைக் கொடி பறந்தால் இறங்கலாம், மஞ்சள் கொடியில் நீந்தக் கூடாது, சிவப்பு என்றால் நீர்ப்பக்கமே போகக் கூடாது. கடைசி நாள் என்பதற்காகச் சிவப்புக் கொடி பச்சையாகாது.

விடைபெற்றவர்கள் நின்ற இடங்கள்

ஊர் திரும்புவது லிஸ்பனுக்குப் பழகிய சங்கதி. ஐந்து நூற்றாண்டாக இங்கிருந்து யாராவது கிளம்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1497 ஜூலை 8 அன்று பெலெம் கரையிலிருந்து புறப்பட்டு அடுத்த ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தன. பதினாறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜுவாவ் த பாரோஸ் அந்தக் கரையைக் கண்ணீர்க் கரை என்று குறித்திருக்கிறார். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அங்குள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்தில் காமாவின் கல்லறை இருக்கிறது. ஆற்றோரத்தில் 1960ல் எழுப்பிய கண்டுபிடிப்பாளர் நினைவுச்சின்னம் 52 மீட்டர் உயரத்தில் பெருமிதமாக நிற்கிறது. அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த கரைகளிலிருந்து வருகிறவர் அந்தப் பெருமிதத்தில் பங்கு கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

தமிழருக்கு இந்நகரில் வேறொரு தொடர்பு உண்டு, எந்தச் சின்னமும் அதைச் சொல்வதில்லை. 1554ல் மன்னர் மூன்றாம் ஜுவாவின் ஆணையால் இங்கே ஒரு சமயக் கல்வி நூல் அச்சானது. தமிழும் போர்த்துகீசியமும் சேர்ந்த நூல் அது, தமிழுக்கும் ரோமன் எழுத்தே. அதை ஆக்குவதில் அப்போது லிஸ்பனிலிருந்த தமிழர் மூவர் உழைத்தார்கள். தமிழ் முதன்முதலில் அச்சேறியது இப்படித்தான். தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவரும் 1578 வரை இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து தமிழில் முணுமுணுத்துக்கொண்டு இந்த ஆற்றோரம் நடந்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள்.

பெலெமுக்குக் கூட்டம் போகிறது. விடைபெறுதலின் இன்னும் நெருக்கமான இடங்களான அல்கன்தராவுக்கும் அடுத்த ரோஷா து கோந்த த ஓபிதுஷுக்கும் அவ்வளவாக யாரும் போவதில்லை. 1940களில் கட்டிய இந்த இரண்டு கப்பல் பயணியர் நிலையங்களின் உட்சுவர்களில் ஓவியர் அல்மாதா நெக்ரெய்ருஷ் பெரிய சுவரோவியங்கள் வரைந்திருக்கிறார். ரோஷா நிலையத்தில் கப்பலேறிப் பிழைக்கப் போகிற மக்களின் காட்சி இருக்கிறது. கீழே நின்று கைகாட்டுகிறவர்களும் அதில் உண்டு. 1961 முதல் ஆப்பிரிக்கக் காலனிப் போர்களுக்குச் சிப்பாய்கள் கப்பலேறியதும் இந்தத் துறைகளில்தான். திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

‘சௌதாத்’ என்ற போர்த்துகீசியச் சொல் இந்தக் கிளம்பல்களோடு ஒட்டியது. இல்லாததை நினைத்து ஏங்குவது என்று பொருள் சொல்லலாம். இப்போது அது குளிர்சாதனப்பெட்டிக் காந்தங்களில் அச்சாகி விற்கிறது. அதைக் காந்தத்தில் வாங்குவதைவிட ஒரு ஃபாது பாட்டில் கேட்கலாம். யுனெஸ்கோ 2011ல் தன் பட்டியலில் சேர்த்த இசை அது. அல்ஃபாமா சந்துகளில் சாப்பாட்டோடு சேர்த்துப் பாடும் வீடுகளில் விலை அதிகம், உட்காரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். பாட்டு தொடங்கி விளக்கு மங்கியதும் யாரும் பேசக்கூடாது. பரிமாறுகிறவர்கூட நின்றுவிடுவார்.

வாய்க்கும் பைக்கும்

குளிர்நீரை மேலே கொண்டுவரும் அதே காற்றுதான் மத்தி மீனுக்கும் இரை கொண்டுவருகிறது. ஜூனில் மீன் கொழுப்பேறும். அந்தோனியார் திருநாளுக்கு முந்தைய ஜூன் 12 இரவில் தெருவெல்லாம் கரி அடுப்புப் புகை. இது நம்மூர் மத்தியின் உறவுதான், வேறு இனம். கல்லுப்பு மட்டும் தூவிச் சுட்டு ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தருவார்கள். மீனைத் தின்று முடித்தபின் அதன் எண்ணெய் ஊறிய ரொட்டியைக் கடைசியில் சாப்பிட வேண்டும். மிளகாய்ப் பொடி தேடாமல் ஒருமுறையாவது அப்படிச் சாப்பிட்டுப் பார்க்கலாம். சைவ உணவுக்காரர்கள் கீரை சூப்பை நம்பி ஏமாறக்கூடாது. ‘கால்து வெர்த’ கிண்ணத்தின் அடியில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடப்பது வழக்கம்.

ஊருக்குக் கொண்டுபோக டின் மீன் நல்ல பொருள். எண்ணெய் இருப்பதால் அதைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட வேண்டும். பெலெமில் 1837 முதல் சுடப்படும் முட்டைக் கூழ்ப் பணியாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சுட்ட சூட்டில் அப்பளமாக நொறுங்கும் அதன் மேலோடு சென்னையில் ஊறிய ரொட்டியாகத்தான் இறங்கும். கடையிலேயே நின்று தின்றுவிட்டுப் போவதே அதற்கு மரியாதை. செவ்வாய், சனிக்கிழமைகளில் கூடும் ஃபெய்ரா த லாத்ரா சந்தையில் பழைய சுவர் ஓடுகள் கிடைக்கும். அவற்றில் வீட்டு முகப்புகளிலிருந்து திருடிப் பெயர்த்தவையும் கலந்திருக்கும். அந்தத் திருட்டைத் தடுக்கவே 2007ல் காவல்துறை அருங்காட்சியகம் ஓர் இயக்கம் தொடங்கியது. புதிதாகச் சுட்ட ஓடு வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

தினமும் காப்பி குடித்த தெருமுனைக் கடையில் கிளம்பும் நாளை இரண்டு நாள் முன்பே சொல்லிவைப்பது முறை. கடைசி நாளில் அவசரமாகச் சொன்னால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை பேச நேரம் இராது. நன்றி சொல்லும் ஆண் ‘ஒப்ரிகாது’ என்றும் பெண் ‘ஒப்ரிகாதா’ என்றும் சொல்ல வேண்டும். ‘அதெவுஷ்’ என்று விடைபெறுவது சற்றுக் கனமானது, இனிப் பார்ப்போமோ மாட்டோமோ என்ற தொனி அதில் உண்டு. ‘அத்தே அ ப்ரோசிமா’, அடுத்த முறை வரைக்கும், என்பதே கடைக்காரர்கள் கேட்க விரும்புவது. போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது எளிது.

கடைசிக் காலை

சாவியை ஒப்படைக்கும் நேரத்தில் ஒரு சிறு வியப்பு காத்திருக்கிறது. வீட்டுக்காரர் அதை ‘ஷாவ்’ என்பார். தமிழின் சாவி அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஜன்னலும் மேசையும் அலமாரியும் அப்படியே. காலி செய்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் பெயர் சொல்ல மொழிபெயர்ப்பே தேவைப்படாத பொருள்கள் நாலைந்து நிற்கும்.

பயண அட்டையில் மீதிப் பணம் இருந்தால் அதைக் கடைசிப் படகுக்கோ விமான நிலைய மெட்ரோவுக்கோ செலவழிக்கலாம். சிவப்புத் தடம் 2012 முதல் விமான நிலையம் வரை போகிறது. காலை ஆறரைக்குத்தான் தொடங்கும் என்பதால் விடியற்காலை விமானத்துக்கு வாடகைக் கார் பேசிவைக்க வேண்டும்.

ஆற்றையும் கடலையும் மேலிருந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னலோர இருக்கையை நம்புவது சரிவராது. விமான நிலையம் நகரின் வடக்கே இருக்கிறது. காற்றை எதிர்த்துத்தான் விமானம் எழும். இங்கே பெரும்பாலான நாட்களில் காற்று வடக்கிலிருந்து வீசுவதால் விமானம் நகரத்துக்கு முதுகைக் காட்டியே கிளம்புகிறது. தெற்குக் காற்று வீசும் சில நாட்களில் மட்டும் அது கூரைகளைக் கடந்து தேஜுவின் மேல் போகும். எனவே கடைசிப் பார்வையைத் தரையில் வைத்துக்கொள்ள வேண்டும். மதிய விமானமானால் காலை ஏழு மணிக்குத் தூண் படித்துறையில் அரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.